டர்ன்டேபிளை மாற்றினால் பாட்டு மாறுமா?

இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளுக்கு மூன்றே வேலைகள். தட்டை ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். ஊசியைப் பள்ளத்துக்குள் சரியான கோணத்தில் பிடித்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யும்போது தன் பங்குக்கு எந்தச் சத்தத்தையும் சேர்க்கக் கூடாது. பள்ளத்தில் இல்லாத இசையை எந்த டர்ன்டேபிளாலும் கொண்டுவர முடியாது. மலிவான கருவி கெடுக்கிற இடங்களில் கெடுக்காமல் விடுவதுதான் விலை உயர்ந்த கருவியின் முழுத் திறமையும்.

ஆகவே, கருவியை மேம்படுத்தினால் ஒலியின் தரம் கூடுமா என்ற கேள்விக்கு விடை, இப்போது கையில் இருக்கும் கருவி எதை, எவ்வளவு கெடுக்கிறது என்பதைப் பொறுத்தது. கெடுப்பது காதுக்கு எட்டுகிற அளவில் இருந்தால் மாற்றம் நன்றாகவே கேட்கும். கருவியின் குறை, தட்டின் சொந்தக் குறைகளைவிடச் சிறியதாக ஏற்கெனவே குறைந்துவிட்டிருந்தால், லட்சக்கணக்கில் செலவழித்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. எந்தப் பாகம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பள்ளத்தின் அளவு

நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் 12 அங்குல எல்பியை கொலம்பியா நிறுவனம் 1948இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஆர்சிஏ விக்டர் 45 சுற்று வேகத்தில் 7 அங்குலத் தட்டை வெளியிட்டது. 78 சுற்றுத் தட்டுகளின் அகன்ற பள்ளத்துக்குப் பதிலாக இவற்றில் மிக நுண்ணிய பள்ளம் வந்தது. 1950களின் இறுதியில் ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தபோது, பள்ளத்தின் இரு சுவர்களும் ஆளுக்கொரு பக்கத்து ஒலியைச் சுமக்கத் தொடங்கின. ஒவ்வொரு சுவரும் 45 பாகை சாய்ந்திருக்கும். வலப்பக்க ஒலி ஒரு சுவரில், இடப்பக்க ஒலி மறுசுவரில்.

இந்தப் பள்ளத்தின் வாய் அகலம் ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனைவிடச் சற்றுக் குறைவு. சாதாரண உருண்டை ஊசியின் முனை ஆரம் 18 மைக்ரோமீட்டர். பாட்டில் மெல்லிய ஒலிகள் வருமிடத்தில் பள்ளச் சுவர் அசைவது ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவாக. மோட்டாரின் நடுக்கமோ, பேரிங்கின் உராய்வோ, மேசையின் அதிர்வோ அதே அளவுக்கு ஊசியை அசைத்தால், அதையும் ஊசி பாட்டாகவே எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றுவது கார்ட்ரிட்ஜ். அந்த மின்சாரமும் மிகச் சிறியது. பரவலாகப் புழங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் கொடுப்பது 3 முதல் 5 மில்லிவோல்ட். மூவிங் காயில் வகையில் அது 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட்தான். போனோ ப்ரீஆம்ப் முதலாவதை ஏறக்குறைய 100 மடங்கும் இரண்டாவதை 1000 மடங்கும் பெருக்கித்தான் ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிறது. இசை பெருகும் அதே கணக்கில் பிழையும் பெருகும்.

வேகம்

தட்டின் வேகம் மாறினால் சுருதி மாறும். வேகம் ஒரேயடியாகக் கூடியோ குறைந்தோ நிற்பது ஒரு வகைப் பிழை. கூடிக் கூடிக் குறைவது இன்னொரு வகை. முதலாவதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. வேகம் 1 சதவீதம் கூடினால் சுருதி அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு ஏறும். பாட்டைக் கேட்டுக்கொண்டே வீணையோ வயலினோ வாசித்துப் பழகுகிறவருக்கு அது உறுத்தும். நாற்காலியில் சாய்ந்து கேட்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது.

இரண்டாவது வகைதான் தொல்லை. மெதுவாக ஏறி இறங்கும் வேக அசைவுக்கு 'வாவ்' என்றும், வேகமாக நடுங்குவதற்கு 'ஃபிளட்டர்' என்றும் பெயர். நொடிக்கு 4 முறை அளவில் வரும் அசைவைத்தான் காது மிகக் கூர்மையாகப் பிடிக்கிறது. குரலிலும் கமகத்திலும் இது ஒளிந்துகொள்ளும். நீண்டு நிற்கும் பியானோ ஒலியிலும், கச்சேரி முழுவதும் மாறாமல் ஓடவேண்டிய தம்பூராவிலும் ஒளிய இடமில்லை. பழைய கர்நாடக இசைத் தட்டு ஒன்றில் பாடகர் மூச்சுவிடும் இடைவெளியில் தம்பூராவை மட்டும் கேட்டால், டர்ன்டேபிளின் வேக நிலை சில நொடிகளில் தெரிந்துவிடும்.

வேகத்தைக் காப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. இங்கிலாந்தின் ஸ்விண்டனில் 1954இல் வந்த காரர்ட் 301 போன்றவற்றில் மோட்டாரின் சுழற்சியை ஒரு ரப்பர் சக்கரம், தட்டைத் தாங்கிச் சுழலும் பிளாட்டரின் விளிம்புக்குக் கடத்தும். இழுவிசை பலமாக இருக்கும். மோட்டாரின் நடுக்கமும் கூடவே வரும். பெல்ட் முறையில் ஒரு ரப்பர் பட்டை நடுக்கத்தை வாங்கிக்கொண்டு சுழற்சியை மட்டும் கடத்துகிறது. பட்டை தளர்ந்தாலோ இறுகிக் காய்ந்தாலோ வேகம் தடுமாறும். மூன்றாவது டைரக்ட் டிரைவ்: மோட்டாரின் அச்சே பிளாட்டரின் அச்சு. மட்சுஷிட்டா நிறுவனத்தின் டெக்னிக்ஸ் எஸ்பி-10 இந்த முறையை 1970இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் வழியில் 1972இல் எஸ்எல்-1200 வந்தது. 1979இல் வந்த அதன் எம்கே2 வடிவத்தில் குவார்ட்ஸ் படிகம் வேகத்தைப் பூட்டி வைத்தது. அதற்குத் தரப்பட்ட வாவ்-ஃபிளட்டர் அளவு 0.025 சதவீதம்.

இந்த எண்ணைத் தட்டின் குறையோடு ஒப்பிட்டால் ஒரு முக்கியமான உண்மை புலப்படும். தட்டின் நடுத் துளை எப்போதும் சரியாக நடுவில் இருப்பதில்லை. துளை 0.2 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஊசி தட்டின் உள்பக்கத்தில், மையத்திலிருந்து 60 மில்லிமீட்டரில் ஓடும்போது பள்ளத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் 0.33 சதவீதம் கூடியும் குறைந்தும் வரும். டர்ன்டேபிள் தரும் 0.025 சதவீதத்தைவிட இது பத்து மடங்குக்கு மேல். இத்தகைய தட்டு ஓடும்போது மேலிருந்து பார்த்தால் ஊசியைத் தாங்கும் கை (டோன் ஆர்ம்) 1.8 நொடிக்கு ஒருமுறை இடமும் வலமுமாக மெல்ல ஆடுவது கண்ணுக்கே தெரியும். தட்டு இப்படி இருக்க, 0.05 சதவீதக் கருவியை 0.02 சதவீதக் கருவியாக மாற்றுவதில் காதுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் நகமிச்சி நிறுவனம் டிஎக்ஸ்-1000 என்ற டர்ன்டேபிளில் இந்தத் துளை விலகலை நேரடியாகவே எதிர்கொண்டது. துளை எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கருவியே அளந்து, தட்டை நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்தது. விலையும் அதற்கேற்ப எட்டாத உயரத்தில் இருந்ததால் அந்த வழியில் பிறர் அதிகம் போகவில்லை.

இந்தியாவில் பழைய டர்ன்டேபிள் வாங்குகிறவர்களுக்கு வேகம் தொடர்பாகத் தனியாக ஒரு கவலை உண்டு. சிங்க்ரனஸ் ஏசி மோட்டார் கொண்ட கருவிகள் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும். 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்த அமெரிக்கக் கருவியை இங்குள்ள 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 33⅓க்குப் பதில் 28 சுற்றுக்கும் குறைவாகத்தான் சுற்றும். பாட்டு மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். ஜப்பானில் கிழக்குப் பகுதிக்கு 50, மேற்குப் பகுதிக்கு 60 ஹெர்ட்ஸ். வோல்டேஜோ எங்கும் 100. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதற்கு மோட்டார் புல்லியை மாற்ற வேண்டும். குவார்ட்ஸ் பூட்டு உள்ள டைரக்ட் டிரைவ் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வேகத்தைச் சோதிக்க, 33⅓ சுற்றுக்கு 180 கோடுகள் உள்ள ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின் மேல் வைத்து, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சிமிட்டும் விளக்கின் கீழ் பார்த்தால் போதும். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி.

உறுமலும் அதிர்வும்

பேரிங்கும் மோட்டாரும் கிளப்பும் தாழ்ந்த இரைச்சலுக்கு ரம்பிள் என்று பெயர். ஸ்பீக்கரில் இது ஒரு மெல்லிய உறுமலாக வரும். இது பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் தட்டு வெட்டும் முறையிலேயே இருக்கிறது. தாழ்ந்த ஒலிகளை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் மிக அகலமாகி, தட்டில் இடம் போதாது. உச்ச ஒலிகளை உள்ளபடியே வெட்டினால் அவை தட்டின் இரைச்சலில் மூழ்கும். அதனால் வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். 1950களின் நடுவில் நிலைபெற்ற ஆர்ஐஏஏ வரைகோடு இதற்கான அளவைச் சொல்கிறது: 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் குறைவு, 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் கூடுதல். வாசிக்கும்போது போனோ ப்ரீஆம்ப் இதைத் தலைகீழாகச் செய்யும். நடுத்தர ஒலியோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய 10 மடங்கு பெருக்கப்படும். மோட்டாரின் உறுமல் இருப்பது அந்த இடத்தில்தான்.

நல்ல பேரிங், கனமான பிளாட்டர், மோட்டாரைத் தனியே பிரித்து வைக்கும் அமைப்பு ஆகியவை ரம்பிளைத் தட்டின் சொந்த இரைச்சலுக்குக் கீழே தள்ளிவிடும். நடுத்தர விலையுள்ள இன்றைய கருவிகள் பெரும்பாலும் இந்த இடத்துக்கு வந்துவிட்டன.

அறையிலிருந்து வரும் அதிர்வு வேறு கதை. ஸ்பீக்கரின் அதிர்வு தரை வழியாகவும் காற்று வழியாகவும் ஊசிக்குத் திரும்பி வந்தால், ஒலியில் ஒரு மந்தமும் கலங்கலும் சேரும். மிஞ்சிப்போனால் ஊளையிடவே தொடங்கும். எட்கர் வில்ச்சர் 1961இல் வடிவமைத்த ஏஆர் டர்ன்டேபிள், பிளாட்டரையும் கையையும் ஒரே சட்டத்தில் பொருத்தி அதை ஸ்பிரிங்குகளில் மிதக்கவிட்டு இதைத் தீர்த்தது. தோரன்ஸ் டிடி150உம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1970களின் தொடக்கத்தில் பிறந்த லின் எல்பி12உம் அதே வழியில் வந்தவை. மாறாக, 1973இல் தொடங்கிய இங்கிலாந்தின் ரேகா நிறுவனம் ஸ்பிரிங் இல்லாமல், எடை குறைந்த, விறைப்பான பலகையே போதும் என்ற பக்கம் நின்றது. இரண்டு அணுகுமுறைகளிலிருந்தும் நல்ல கருவிகள் வந்திருக்கின்றன. இந்த அதிர்வைக் குறைக்கக் கருவியை மாற்றத்தான் வேண்டும் என்பதில்லை. ஸ்பீக்கர் இருக்கும் அலமாரியிலிருந்து டர்ன்டேபிளை நகர்த்தி, சுவரில் அடித்த பலகையில் வைத்தாலே பல வீடுகளில் பெரும் பகுதி தீர்ந்துவிடும்.

டோன் ஆர்ம்

கருவியில் பணம் போட்டால் பலன் தரும் பாகம் டோன் ஆர்ம். பிளாட்டர் கண்ணைக் கவர்ந்தாலும், ஊசி தன் வேலையைச் செய்ய விடுவது கைதான்.

கார்ட்ரிட்ஜின் நெகிழ்வும் கையின் எடையும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அலைவெண்ணில் ஆடும். வளைந்த தட்டின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. இசை 20 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஆட்டம் இரண்டுக்கும் நடுவே 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் இரண்டையும் தொடாது. கை, கார்ட்ரிட்ஜ், திருகுகள் எல்லாம் சேர்ந்து 18 கிராம் பயனுறு எடையும், கார்ட்ரிட்ஜின் நெகிழ்வு எண் 15உம் இருந்தால் ஆட்டம் 9.7 ஹெர்ட்ஸில் விழும்; பொருத்தம் நன்று. அதே கையில் மிக நெகிழ்வான கார்ட்ரிட்ஜைப் பொருத்தினால் ஆட்டம் கீழிறங்கி, தட்டின் ஒவ்வொரு வளைவுக்கும் ஸ்பீக்கரின் கூம்பு உள்ளே வெளியே அசையத் தொடங்கும். விலை உயர்ந்த கையும் விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய், மலிவான ஜோடியைவிட மோசமாக ஒலிப்பது இதனால்தான்.

அடுத்தது வடிவியல். தட்டை வெட்டும் ஊசி நேர்கோட்டில் நகர்கிறது. வாசிக்கும் கையோ ஓர் அச்சில் சுழன்று வில்லாக நகர்கிறது. அதனால் பள்ளத்தின் பெரும்பகுதியில் ஊசி சற்றே கோணி நிற்கும். லோஃப்கிரென் 1938இலும் பேர்வால்ட் 1941இலும் போட்ட கணக்கின்படி, கையைச் சற்று நீட்டிப் பொருத்தி, தலையை ஒரு கோணத்தில் திருப்பினால், இரண்டு இடங்களில் கோணல் முற்றிலும் மறையும். மற்ற இடங்களிலும் ஏறத்தாழ 2 பாகைக்குள் அடங்கும். பேர்வால்ட் முறையில் அந்த இரண்டு இடங்கள் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரும் 120.9 மில்லிமீட்டரும். டென்மார்க்கின் பேங் அண்ட் ஓலுஃப்சென் 1972இல் வெளியிட்ட பியோகிராம் 4000 போன்றவை கையையே நேர்கோட்டில் நகரவைத்து இந்தக் கணக்கைத் தவிர்த்தன.

கார்ட்ரிட்ஜ் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதை ஒரு காகித அளவுகோலை அச்சிட்டு வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜின் உடல் கட்டங்களுக்கு இணையாக நின்றால் சரி. ஊசி தட்டில் அழுத்தும் எடையைச் சிறிய தராசில் பார்க்கலாம். பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்களுக்கு அது 1.5 முதல் 2 கிராம் வரை. எடை குறைவாக வைத்தால் தட்டுக்குப் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. எடை போதாத ஊசி உரத்த இடங்களில் சுவரைவிட்டுத் துள்ளி மீண்டும் விழுகிறது. பள்ளம் அதனால்தான் அதிகம் கெடுகிறது. புதிய டர்ன்டேபிள் வாங்கிய பிறகு ஒலியின் தரம் கூடியது என்று சொல்லப்படும் பல சந்தர்ப்பங்களில், புதிய கருவியில் இந்த அளவுகள் முதல்முறையாகச் சரியாக வைக்கப்பட்டதும் காரணத்தில் ஒரு பங்கு.

ஊசியும் கார்ட்ரிட்ஜும்

ஒலியை மிக அதிகமாக மாற்றும் பாகம் பள்ளத்தைத் தொடும் பாகம்தான். ஏன் என்பது தட்டின் உள்பக்கத்தைப் பார்த்தால் விளங்கும்.

எல்பி ஒரே வேகத்தில் சுற்றினாலும், பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் ஒன்றல்ல. வெளி விளிம்பில் அது நொடிக்கு 51 சென்டிமீட்டர். கடைசிப் பாட்டின் முடிவில் 21 சென்டிமீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளிவிளிம்பில் 51 மைக்ரோமீட்டர் நீளத்தில் விரிந்து கிடக்கிறது. உள்ளே அதே அலை 21 மைக்ரோமீட்டருக்குள் நெருக்கப்படுகிறது. 18 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள உருண்டை ஊசி அந்த நெருக்கத்துக்குள் இறங்க முடியாமல் மேலாகவே வழுக்கிப் போகும். பாட்டில் 'ச', 'ஸ' ஒலிகள் எச்சில் தெறிப்பதுபோல் கரகரப்பதும், ஜால்ராவும் சிம்பலும் தகரமாக ஒலிப்பதும் இந்த இடத்தில்தான்.

நீள்வட்ட ஊசியில் பக்கவாட்டு ஆரம் 8 மைக்ரோமீட்டர் அளவுக்குக் குறைகிறது. உள்பள்ளத்துக்குள் அது இறங்கும். 1970களின் தொடக்கத்தில், நான்கு வழி ஒலியைத் தாங்கிய சிடி-4 தட்டுகளை வாசிப்பதற்காக ஜேவிசி நிறுவனத்தின் ஷிபாட்டா உருவாக்கிய ஊசி இன்னும் ஒரு படி மேல். பக்கவாட்டில் மெலிந்து, சுவரின் உயரத்தில் நீண்ட கோடாகத் தொடும். மைக்ரோலைன் ஊசிகளும் இதே இனத்தைச் சேர்ந்தவை. சுவரில் நீளமாகத் தொடுவதால், பழைய ஊசிகள் தேய்த்து விட்டுப்போன இடத்துக்கு மேலோ கீழோ தேயாத பரப்பையும் இவை பிடிக்கும். பல கை மாறிய பழைய தமிழ்ப் பட எல்பிகளில் இது சில சமயம் வியப்பான பலன் தரும். தேய்மானம் சுவர் முழுவதும் பரவியிருந்தால் எந்த ஊசியாலும் பயனில்லை.

ஆடியோ டெக்னிக்காவின் விஎம்95 வரிசை இதைச் சோதித்துப் பார்க்க வசதியானது. உருண்டை, நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாட்டா என எல்லா ஊசிகளும் ஒரே உடலில் பொருந்தும். கழற்றி மாட்டினால் போதும். உடல் அதே, கை அதே, டர்ன்டேபிள் அதே. ஒரு தட்டின் கடைசிப் பாட்டை உருண்டை ஊசியிலும் மைக்ரோலைன் ஊசியிலும் கேட்டால் வேறுபாடு தெரியப் பயிற்சி பெற்ற காது தேவையில்லை. நடுத்தரத்திலிருந்து உயர்தரத்துக்கு டர்ன்டேபிளை மாற்றுவதில் இந்த அளவு வேறுபாடு அரிது. ஊசி தேய்வதும் கணக்கில் வர வேண்டும்: முனையின் வடிவத்தைப் பொறுத்து சில நூறு மணி நேரம் முதல் ஆயிரம் மணி நேரம் வரைதான் அதன் வாழ்வு. தேய்ந்த ஊசியோடு இருக்கும் நல்ல டர்ன்டேபிளைவிட, புதிய ஊசியோடு இருக்கும் சாதாரண டர்ன்டேபிள் நன்றாகப் பாடும்.

போனோ ப்ரீஆம்பும் ஓரளவு ஒலியை மாற்றும். ஆர்ஐஏஏ வரைகோட்டிலிருந்து அது 1 டெசிபல் விலகினாலும் ஒலியின் நிறம் மாறும். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு 47 கிலோ ஓம் சுமையும், ஒயரையும் சேர்த்து உற்பத்தியாளர் சொன்ன அளவுக் கபாசிட்டன்ஸும் கிடைக்காவிட்டால் உச்ச ஒலி தூக்கலாகவோ மங்கலாகவோ வரும். இவை சரியாக இருக்கும் சாதாரண ப்ரீஆம்ப் பெரும்பாலோருக்குப் போதுமானது.

தட்டு எவ்வளவு தரும்

எல்பியின் உரத்த ஒலிக்கும் அதன் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி நல்ல தட்டில் 60 முதல் 70 டெசிபல் வரை. சிடியில் அது 96. இடவலப் பிரிவு பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்களில் 20 முதல் 30 டெசிபல். வளைவு, தூசி, நிலை மின்சாரம், துளை விலகல், வினைல் கலவையின் தரம், வெட்டியவரின் திறமை என ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரே ஆல்பத்தின் இரண்டு அச்சுகளுக்கு இடையே இருக்கும் வேறுபாடு, இரண்டு நல்ல டர்ன்டேபிள்களுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிதாக இருப்பது சாதாரணம். அழுக்குத் தட்டை ஒருமுறை முறையாகக் கழுவினால் கிடைக்கும் பலனை எந்தக் கருவி மாற்றமும் தராது. கீறல் சத்தம் என்று நினைத்ததில் பாதி அழுக்காக இருக்கும்.

கேட்பவர்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

1970களில் லின் நிறுவனத்தின் ஐவர் டீஃபென்ப்ரூன் ஒரு வாதத்தை முன்வைத்தார். சங்கிலியின் முதல் கண்ணியில் இழந்த தகவலை அடுத்த எந்தக் கண்ணியும் மீட்க முடியாது; ஆகவே பணத்தின் பெரும்பகுதி ஸ்பீக்கருக்கு அல்ல, டர்ன்டேபிளுக்கே போக வேண்டும் என்றார். அதுவரை ஸ்பீக்கரையே பெரிதாக நினைத்த பிரிட்டிஷ் ஹை-ஃபை உலகத்தை அந்த வாதம் திருப்பிப்போட்டது. இழந்தது மீளாது என்பதில் தவறில்லை. இரண்டு நல்ல கருவிகளில் இழப்பு எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அந்த வாதம் சொல்வதில்லை. ஸ்பீக்கரும் அறையும் செய்யும் மாற்றத்தைப் பல டெசிபல்களில் அளக்கலாம். இரண்டு நல்ல டர்ன்டேபிள்களுக்கு இடையே, ஒரே கார்ட்ரிட்ஜைப் பொருத்திய பிறகு, அந்த அளவு வேறுபாடு கிடைப்பதில்லை.

எதிர்பார்ப்பும் காதை வழிநடத்தும். மொபைல் ஃபிடலிட்டி நிறுவனம் தன் உயர்விலைத் தட்டுகள் பலவற்றில் டிஜிட்டல் நகல் ஒன்றை இடையில் வைத்து வெட்டியது 2022இல் வெளியே வந்தது. அதுவரை அத்தட்டுகளை முழு அனலாக் என்று நம்பி, அந்த அனலாக் தன்மையையே பாராட்டியவர்கள் ஏராளம். தட்டுகள் நன்றாகத்தான் ஒலித்தன. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் பொருந்தவில்லை. டர்ன்டேபிள் மாற்றத்திலும் இதே ஆபத்து உண்டு. புதிய கருவியோடு புதிய கார்ட்ரிட்ஜும் வருகிறது. அதன் வெளியீடு சற்று அதிகமாக இருந்தால் ஒலி உரக்க வரும். உரத்த ஒலி எப்போதும் தெளிவாகத் தோன்றும்.

நேர்மையாக ஒப்பிட ஒரு வழி இருக்கிறது. இரண்டு டர்ன்டேபிள்களிலும் ஒரே கார்ட்ரிட்ஜைப் பொருத்தி, எடையையும் கோணத்தையும் ஒரே மாதிரி வைத்து, ஒரே தட்டின் ஒரே பாட்டைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். இரண்டு பதிவுகளின் ஒலியளவையும் சமப்படுத்தி, எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். அப்போதும் வேறுபாடு பிடிபட்டால் அது உண்மையான வேறுபாடு. பணம் கொடுக்கத் தகுந்தது.

எப்போது மாற்றலாம்

பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கர் வைத்த சூட்கேஸ் வகைப் பிளேயரிலிருந்து மாறுவது சந்தேகமின்றி லாபம். அவற்றில் பலவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜ், 5 கிராம் அளவில் அழுத்தம், எதிர் எடையே இல்லாத பிளாஸ்டிக் கை, தட்டைவிடச் சிறிய பிளாட்டர். வேகமும் தள்ளாடும், ஸ்பீக்கரின் அதிர்வும் ஊசிக்கே திரும்பும். எதிர் எடை கொண்ட கையும் மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜும் உள்ள தொடக்க நிலை டர்ன்டேபிளுக்கு மாறினால், ஒலியோடு தட்டுகளின் ஆயுளும் காப்பாற்றப்படும்.

தொடக்க நிலையிலிருந்து நடுத்தரத்துக்கு மாறுவது சூழ்நிலையைப் பொறுத்தது. வேகம் கேட்கும்படி தடுமாறினால், பேரிங் உறுமினால், கையின் அச்சு தளர்ந்து ஆடினால், அல்லது கருவி ஒரே ஒரு வகை ஊசியை மட்டுமே ஏற்றால், மாற்றுவதில் பொருள் உண்டு. வேகத் தடுமாற்றம் பழைய பெல்ட்டால் வந்தது என்றால் புதிய பெல்ட் போதும். 1970களின் நல்ல டைரக்ட் டிரைவ் கருவி வைத்திருப்பவர், கையின் பேரிங்கும் ஒயர்களும் நலமாக இருக்கிறவரை, அதை விற்றுவிட்டுப் புதிய நடுத்தரக் கருவி வாங்குவதால் பெரும்பாலும் எதையும் அடைய மாட்டார்.

நடுத்தரத்துக்கு மேலே போகும்போது கைவேலையின் நேர்த்தி, பயன்படுத்தும் சுகம், நீண்ட ஆயுள், பார்க்க அழகு ஆகியவை கிடைக்கும்; ஒலியில் கிடைப்பது படிக்குப் படி சுருங்கிக்கொண்டே போகும். அவற்றுக்காகப் பணம் கொடுப்பது ஒருவரது விருப்பம். அதை ஒலியின் கணக்கில் எழுத வேண்டியதில்லை.

பழைய 78 சுற்றுத் தட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு விதி வேறு. இந்தியாவில் 1960களிலும் 78 தட்டுகள் அழுத்தப்பட்டன; பழைய தமிழ்ப் படப் பாடல்களும் நாடகப் பாடல்களும் அவற்றில்தான் கிடக்கின்றன. இன்றைய டர்ன்டேபிள்கள் பலவற்றில் 78 வேகமே இல்லை. எல்பி ஊசியை அவற்றின் அகன்ற பள்ளத்தில் வைத்தால் அது அடியில் கிடக்கும் குப்பையைத்தான் வாசிக்கும். 65 முதல் 75 மைக்ரோமீட்டர் வரை ஆரமுள்ள ஊசி வேண்டும். இவர்களுக்கு 78 வேகமும் வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைக்கும் வசதியும் உள்ள டர்ன்டேபிளை வாங்குவது அவசியம். 78 என்று எழுதியிருந்தாலும் அக்காலத்துத் தட்டுகள் எல்லாம் சரியாக அந்த வேகத்தில் பதிவானவை அல்ல.

மற்றவர்களுக்குச் செலவின் வரிசை இது: முதலில் தட்டைக் கழுவுவதும், கருவியைச் சமதளத்தில் அதிர்வில்லாத இடத்தில் வைப்பதும். அடுத்து எடையையும் கோணத்தையும் சரிபார்ப்பது. பிறகு ஊசி அல்லது கார்ட்ரிட்ஜ். அதன் பின் ஸ்பீக்கர், அறை, போனோ ப்ரீஆம்ப். இவை எல்லாம் முடிந்த பிறகும் வேகத் தடுமாற்றமோ உறுமலோ கையின் தளர்ச்சியோ கேட்டால் டர்ன்டேபிள். முதல் இரண்டு படிகளுக்குச் செலவு மிகக் குறைவு. பெரும்பாலான வீடுகளில் கேட்கும்படியான மாற்றம் மூன்றாவது படியோடு வந்துவிடும்.